பன்னிரண்டுக்கு ஒன்று

கூத்தப்பாக்கத்து மனையில்
பாவாடை மேஸ்திரி கயிறு கட்டுகிறார்.
முப்பதுக்கு நாற்பது.
மூன்றடி தூக்கணும்மா என்கிறார்,
போன முறை தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு
உங்களுக்கே தெரியும்.

தெரியும்.
செம்மண்டலத்து வாடகை வீட்டில்
கட்டில் சட்டத்தைத் தொட்டது கெடிலம்.
செங்கதிரைக் கதவுப் பலகையில் கிடத்தி
நாலு பேர் தூக்கிப் போனார்கள்.
சளி உறிஞ்சும் மெஷினை நான்
மீன்கூடை மாதிரி தலையில் வைத்துக்கொண்டேன்.

மூன்றடி என்றால் ஆறு படி.
அவனுக்குப் படி கிடையாது.
ஓரடி ஏறப் பன்னிரண்டடி ஓடணும் என்கிறது
இன்ஜினியர் கலைமாறனின் கணக்கு.
அப்படியானால் சரிவு மட்டும் முப்பத்தாறு அடி.
வெள்ளத்துக்கு உயரணும், சக்கரத்துக்குத் தாழணும்.
இரண்டு வாரம் இதிலேயே போயிற்று.
வாஸ்து பார்க்க வந்தவர்
வாசல் கிழக்கேதான் என்று ஆரம்பித்தார்,
பிள்ளையைப் பார்த்தார்,
நிறுத்திக்கொண்டார்.
காசும் வாங்கவில்லை.

ஒரு சாயங்காலம் அவன் கட்டிலில்
நான் மல்லாந்து கிடந்து பார்த்தேன்.
பதினேழு வருஷத்தில் அதுதான் முதல் தடவை
என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது.
அங்கிருந்து பார்த்தால் சுவர் கணக்கில்லை.
கூரைதான் வீடு.
டியூப்லைட்டை ஃபேன் நறுக்கிக்கொண்டே இருந்தது,
நறுக்கி நறுக்கி என் கண்ணில் போட்டது.
விளக்கு வைக்கிற நேரத்தில் அவனுக்கு வலிப்பு வருகிறதென்று
நாங்கள் மாத்திரையை மாற்றிக்கொண்டிருந்தோம்.
ஜன்னலில் கம்பி, கம்பிக்கு மேல் ஒரு முழம் வானம்.
தெருவின் சத்தம் வந்தது,
தெரு வரவில்லை.

ஜன்னலைத் தரையிலிருந்து ஒன்றரை அடியில் வையுங்கள் என்றேன்.
ஆட்டுக்குட்டி எட்டிப் பார்க்கும் என்றார் தணிகாசலம்.
பார்க்கட்டும், இவனும் பார்ப்பான்.

கூரையில் ஒரு கொக்கி, இருநூறு கிலோ தாங்கணும்.
ஊஞ்சலா என்று சிரித்தார் மேஸ்திரி.
ஊஞ்சல் மாதிரிதான்.
தணிகாசலத்தின் முதுகுக்கு ஐம்பத்திரண்டு வயசு,
இவன் நாற்பத்தோரு கிலோ.
இரண்டும் கூடிக்கொண்டுதான் போகும்.

அடுப்படியில் நின்றால் அவன் முகம் தெரியணும்.
இன்வெர்ட்டர் பரணில், வெள்ளம் எட்டாத உயரத்தில்.
தானே புயலில் கரண்ட் இல்லாத ராத்திரிகளை
நான் எண்ணவில்லை,
மிதிபம்பு மிதித்த கால் எண்ணியது.
குளியலறைக்குக் கதவு வேண்டாம், திரை போதும் –
இல்லை, கதவே இருக்கட்டும்.
பக்கவாட்டில் தள்ளுகிற கதவு.
மீசை அரும்பிவிட்டது அவனுக்கு.

போன ஞாயிறு சுண்ணாம்புத் தூளில் வீட்டைப் போட்டார்கள்.
வெள்ளை வெள்ளையாய் அறைகள் தரையில் கிடந்தன.
செங்கதிரைக் கூட்டிப் போனோம்.
கூடத்திலிருந்து அவன் அறைக்கு நாற்காலியைத் திருப்பினேன்,
பின்சக்கரம் சுவர்மேல் ஏறி இறங்கியது.
மறுபடி திருப்பினேன்,
மறுபடி சுவர்.
அவனுக்கு அது பிடித்திருந்தது. ஹ்ஹ் என்றான், இரண்டு தடவை.
காகிதத்தில் சரியாத்தான் இருந்தது என்றார் கலைமாறன்.

பாவாடை குந்தி உட்கார்ந்து தடத்தைப் பார்த்தார்.
வைகாசியில் பாடலீஸ்வரர் தேருக்கு
முட்டுக்கட்டை போடுகிற ஆள்.
தேர் திரும்பணும்னா முனைதான் ஒதுங்கணும் என்றார்.
போட்ட சுவரைக் காலால் அழித்து
தடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சாண் தள்ளித் தூவினார்.
அப்புறம் எழுந்து மனையை ஒரு நடை நடந்தார்.
ஒரே நீட்டா எதுக்கு?
தெற்கால ஏறி, மேற்கால திரும்பி,
வடக்குப் பக்கமா வந்து வாசல் சேரட்டும்.
பன்னிரண்டு என்ன, இருபதுக்கு ஒண்ணாவே வரும்.

கலைமாறன் செல்போனில் பெருக்கிப் பார்த்தார்.
இருபுறமும் நாலடி போகிறது.
என் தையல் அறை போயிற்று.
மெஷினைக் கூடத்து மூலையில் போட்டுக்கொள்ளலாம்,
ஊசி கோக்கும்போது மட்டும்
அவனைப் பார்க்க முடியாது.

இனி ஆஸ்பத்திரி போய்வந்தாலும்
கடற்கரை போய்வந்தாலும்
வீட்டை வலம் வந்துதான்
வீட்டுக்குள் வருவான்.

அன்றைக்குத் திரும்பியபோது
வாடகை வீட்டுச் சிமெண்டுத் தரையில்
நிலைப்படியிலிருந்து கட்டில்வரை
இரண்டு வெள்ளைக் கோடு.
செவ்வாய்க்கிழமைதான் துடைத்தேன்.