இரண்டு பாயிண்ட்

அயோத்தியாப்பட்டணம் தாண்டி
ஆத்தூர் ரோட்டில் ஒரு சேகோ ஆலை.
வாசலில் நாற்பது டன் தாங்கும் இரும்பு மேடை.
அதன் தலைமாட்டில் கண்ணாடி அறை.
பத்தொன்பது வருஷமாக அதற்குள் நான்.

லாரி ஏறும். எண் நடுங்கும். நிற்கும்.
மொத்த எடை, வெறும் வண்டி எடை,
கழித்தால் கிழங்கு.
கழித்தல் எனக்குத் தூக்கத்திலும் வரும்.

முதலாளி முதல் வாரமே சொல்லிவிட்டார்:
தண்ணீர்த் தராசில் இருபத்தெட்டு பாயிண்ட் வந்தால்
சீட்டில் இருபத்தாறு.
நானும் எழுதினேன்,
குண்டு குண்டான அழகான கையெழுத்தில்.

ஒரு தை மாதத்து ராத்திரி
பேளூர்ப் பக்கத்துப் பொன்னுரங்கம்
சீட்டைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்,
மடித்தார், சட்டைப் பையில் வைத்தார்.
"படிச்ச புள்ள எழுதுனா தப்பாவா இருக்கும்?"
கேலியா நம்பிக்கையா,
இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

நான் படிச்ச புள்ள இல்லை.
பி.காம் இரண்டாம் வருஷம்
கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்துவிட்டு
டி.சி.யை வாங்கிக்கொண்டு
அதே டவுன் பஸ்ஸில் திரும்பி வந்தவள்.

நாற்பத்தோரு வயதில் தபாலில் புத்தகம் வந்தது.
மறுபடி முதல் வருஷத்திலிருந்து.
"சம்பளம் ஏறுமா?" என்றார் மாதேஸ்வரன்.
"இங்க ஏறாது."
"அப்புறம்?"
அப்புறத்துக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.
ஆனாலும் பரீட்சை ஞாயிறுகளில்
அவர்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டார்;
எதிர் டீக்கடையில் மூன்று மணி நேரம்
ஒரே பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தார்.

சீசனில் லாரி வரிசை விடியும்வரை நிற்கும்.
இரண்டு ஹாரனுக்கு நடுவே ஒரு பத்தி.
மாவு படிந்த பக்கங்கள்
கஞ்சி போட்ட புடவை மாதிரி மொடமொடக்கும்.
திப்பி நாற்றத்தில்தான் எனக்குத்
தேய்மானக் கணக்கு புரிந்தது.
"பட்டம் விடுற வயசாக்கா இது?" என்பான் டிரைவர் சின்னராசு.
"காத்து இப்பத்தான்டா அடிக்குது" என்பேன்.

பரீட்சை ஹாலில் கேள்விகள் பயமுறுத்தவில்லை.
ஒரு லாரியும் வராத அந்த அமைதிதான்
கையை நடுங்க வைத்தது.

எடை போட்டே நரைத்தவள்
புள்ளியியலில் விழுந்தாள். முதலில் முப்பத்தொன்று.
அடுத்த தடவை முப்பத்தெட்டு.
தேற வேண்டியது நாற்பது.

இரண்டு பாயிண்ட்.

சிரித்துவிட்டேன். சிரிப்பு நிற்கவே இல்லை.
மாதேஸ்வரன் தண்ணீர் கொண்டுவந்தார், பயந்துபோய்.
பொன்னுரங்கம் இருந்திருந்தால்
அவருக்குப் புரிந்திருக்கும்.

மூன்றாம் தடவை ஐம்பத்து மூன்று.

சட்டக் கல்லூரி விண்ணப்பத்தைப் பார்த்து
முதலாளி கேட்டார்:
"வக்கீலாகி என் மேலயே கேஸ் போடுவியா கோகிலா?"
சிரித்தார். நானும் சிரித்தேன்.
அவர் முதலில் நிறுத்தினார்.

வேலையில் இருந்த கடைசி மாதம்
தராசு சொன்னதைத் தராசு சொன்னபடி எழுதினேன்.
அதற்கு முன் எழுதிய இருபத்தாறுகளை
எந்தச் செமஸ்டரும் கழிக்காது.

பட்டம் வந்த அன்று ராத்திரி ஷிஃப்ட்.
ஏற்காட்டு மலையில் எங்கோ நாலைந்து விளக்கு.
சின்னராசு லாரியை இறக்கிவிட்டுப் போன பிறகு
உறையோடு மேடை நடுவில் போய் நின்றேன்,
கண்ணாடி வழியே எண்ணைப் பார்த்தபடி.
அறுபது.
உறையை நாற்காலியில் வைத்துவிட்டு வந்து
மறுபடி நின்றேன்.
அறுபது.

பத்துக் கிலோவுக்குக் கீழே
இந்த மேடைக்குக் கண் தெரியாது.

அதற்குள் ஒரு ஹாரன்.
கீழே இறங்கினேன்.
எண் மெல்லப் பூஜ்யத்துக்குப் போனது.