தவிர்க்கவா, மீண்டும் முயலவா

ஸ்ரான்லி வீதிக் கடையில் நிரோஷன்
பழைய டிஸ்க்கைக் காதில் வைத்துக் கேட்டான்,
தேங்காய் குலுக்கிப் பார்ப்பவன்போல.
"அக்கா, இது இன்னும் ஒரு கிழமைதான்.
இண்டைக்கே மாத்துங்கோ."
சீட்டுக்கட்டைவிட மெல்லியதாய் ஒன்றை
ஒரு வயரோடு தந்தான்.
பழசு ஐநூறு ஜீபி, புதுசு ஆயிரம்.
எனக்கு எல்லாமே பரப்புக் கணக்கு:
காலையில் எட்டுப் பரப்புக்காரி,
பின்னேரம் பதினாறு.

கொக்குவில், இரவு எட்டரை.
நில அளவையாளர் ஒருவரிடம் படம் கீறுகிறவள் நான்.
பன்னிரண்டு வருசத்து எல்லைகள்
பெயர் சொல்லிப் பெயர் சொல்லிக் குடிபெயர்கின்றன.
கோண்டாவில்_கிணற்றுப்பங்கு.
இணுவில்_வழிவாய்க்கால்.
இறுதி. இறுதி_2. இறுதி_இதுதான்.
நடுவில் மகனின் முதல் பல்லு,
ஆரோ அனுப்பின தோசை மா அளவு,
ஒருநாளும் பார்க்காத யோகாசனம் நாற்பது.
எதையும் தெரிந்தெடுக்கவில்லை. எல்லாம் வரட்டும்.

அறுபத்திமூன்று வீதத்தில்
கரண்ட் நின்றது.

பற்றரிக்கு ஒன்பது நிமிட உயிர்.
திரையோ, மீதம் ஒரு மணி பன்னிரண்டு நிமிடம் என்கிறது.
ஒழுங்கை முழுக்க இருட்டு,
ஒரே ஒரு ஜன்னலைத் தவிர.
துஷ்யந்தி வீடு.
ஓடருக்குக் கேக் அடிக்கிறவள்,
ஐசிங் இளகாமலிருக்க இன்வேட்டர் வைத்திருக்கிறாள்.
எங்களுக்குள் நாலு வருசமாய்ப் பேச்சில்லை.
மதில், நாலு இஞ்சி.
வருசத்துக்கு ஒரு இஞ்சி என்று வையுங்கள்.

தியோடலைட்டை முக்காலியோடு தூக்குகிறமாதிரி
லப்டொப்பைத் திறந்தபடியே ஏந்தி,
புது டிஸ்க் வயரில் தொங்காதபடி
பல்லால் கவ்விக்கொண்டு
அந்த மதிலையே சுற்றிப் போய்
அவளின் கேற்றைக் காலால் தட்டினேன்.
வாய் திறந்து கூப்பிட முடியாது.
அதுவும் நல்லதுக்குத்தான்,
என்னவென்று கூப்பிடுவது?

வந்தாள். முழங்கைவரை சீனிமா.
என்னைப் பார்த்தாள்,
வாயில் இருந்ததைப் பார்த்தாள்.
"எத்தினை வீதம்?"
பீற்றரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு
என்னுடையதைச் செருகினாள்.

மேசையில் மூன்று தட்டுக் கல்யாணக் கேக்.
அதற்குப் பக்கத்தில் என் திரை.
அவள் ரோசாப்பூக்கள் போட்டாள்,
கோப்புகள் போய்க்கொண்டிருந்தன.

துஷ்யந்தி_மதில்_இறுதி.
போயிற்று.
துஷ்யந்தி_மதில்_கோட்டுக்கு.
போயிற்று.
துஷ்யந்தி_மதில்_முதல்அளவு.
நின்றது.

பழைய டிஸ்க் உள்ளே
டிக், டிக் என்று நாக்குச் சப்பியது.
வாசிக்க முடியவில்லை.
தவிர்க்கவா? மீண்டும் முயலவா?

அதில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும்.
நாடா பிடித்த அன்று நானே பதிந்தது.
பிறகுதான் சேரிடம்
கல்லைப் பிழையாகப் பார்த்திட்டம் என்று சொல்லி
வேறொன்று கீறினேன்.
கல்லில் பிழையில்லை.
இப்போது டிஸ்க் தானாகச் செத்தால்
அது என் குற்றமா?

"முதல் அளவு எண்டா?"
கோபமாய்க் கேட்கவில்லை.
ஐசிங் பையைத் திருகியபடி
ஒரு ரோசாவின் கடைசி இதழில் இருந்தாள்.

என் விரல் 'தவிர்க்க'வுக்கு மேல் நின்றது.
கொஞ்ச நேரம் நின்றது.
மற்றதை அழுத்தினேன்.
டிக்.
திரும்ப.
டிக், டிக்.
"இன்னொருக்கா அடியுங்கோ."
மூன்றாம் தரம்
தொண்டையில் முள் இறங்குகிறமாதிரி
இறங்கிற்று.

நூறு வீதமாக ஒன்பதே முக்கால்.
வெளிக்கிடும்போது
ஈயத்தாளில் சுற்றி ஒரு பொட்டலம் நீட்டினாள்.
"மட்டம் வர வெட்டின ஓரம்.
பெடியனுக்குக் குடுங்கோ."
நன்றி சொன்னேனா? நினைவில்லை.

அந்தக் கோப்பை இன்னும் திறக்கவில்லை.
எவ்வளவு இடம் பிடிக்கிறதென்று மட்டும் பார்த்தேன்:
நானூற்றுப் பன்னிரண்டு கேபி.
நாலு இஞ்சிக்கு
அது கூட.