வகுத்தல்

முதல் நாள் தொள்ளாயிரத்து அறுபது பேர்.
நைவாஷா, நகுரு, கில்கில்,
ஊர் சொல்லாத பையன்கள் பாதி.
ஒரு பாதிக்கு அனுப்பினேன்: இரண்டு கோலைத் தாண்டும்.
மறு பாதிக்கு: தாண்டாது.
பின்லாந்தில் ஏதோ ஒரு கிளப்.
அந்த மைதானத்தில் புல்லா பனியா
எனக்கும் தெரியாது,
பணம் கட்டியவர்களுக்கும் தெரியாது.

மறுநாள் நானூற்று எண்பது.
தப்பாய்ப் போனவர்களை அழித்துவிடு என்பார் புரொபசர்.
புரொபசருக்கு வயது இருபத்தாறு.
படத்தில் அவர் சாய்ந்து நிற்கும் வெள்ளைக் கார்
இரண்டு மணி நேர வாடகை.
படம் எடுத்தது நான்.
நம்பர் பிளேட்டை மறைத்து நிற்கச் சொன்னதும் நான்.

இருநூற்று நாற்பது.
நூற்றிருபது.
அறுபது.
பள்ளிக்கூடத்தில் எனக்கு
உருப்படியாய் வந்தது வகுத்தல் ஒன்றுதான்.

ஐந்தாம் இரவு தாண்டி முப்பது பேர்.
ஐந்து ஆட்டம், ஐந்தும் பலித்தது.
இந்த முப்பது பேரும் இனி என்னைக் கும்பிடுவார்கள்.
தங்களுக்கு அடியில் மண்ணாய்ப் போன
தொள்ளாயிரத்து முப்பது பேரை
எப்படிப் பார்ப்பார்கள், நான்தான் அழித்துவிட்டேனே.

முப்பதில் ஒருவன் முரியுக்கி.
வயது பதினாறு.
அக்காவின் அடையாள அட்டையில் கணக்குத் திறந்தவன்.
அம்மா ரோஜாப் பண்ணையில் முள் சீவுகிறாள்,
பூவெல்லாம் ராத்திரி விமானத்தில் ஆம்ஸ்டர்டாம் போகிறது.
நான் கேட்கவில்லை.
அவனே எழுதுகிறான், நடுச்சாமத்தில்,
எழுத்துப்பிழைகளோடு.

"புரொபசர், ஆறாவதும் வருமா?"
நூறு சதவீதம் என்று தட்டினேன்.
பக்கத்தில் மூன்று நெருப்புப் படம்.
விஐபி கட்டணம் ஐந்நூறு ஷில்லிங்.
கட்டினான்.
பரீட்சைக் கட்டணத்துக்கு அம்மா கொடுத்ததை
ஆட்டத்தில் கட்டினான்.
அவன் தோற்கிற ஒவ்வொரு நூறிலும்
புரொபசருக்கு முப்பது, கம்பெனி தருகிறது.
எனக்கு நாலு.

எந்தப் பதினைந்தில் அவனை வைப்பது?
யோசித்தேன் என்று சொன்னால் பொய்.
தேநீர் ஆறிக்கொண்டிருந்தது,
விரல் நகர்ந்தது.

எண்பத்தேழாம் நிமிடம் வரை
அவன் பக்கம்தான் இருந்தது ஆட்டம்.

விடியுமுன் அவன் செய்தி.
வசவு வரும் என்று திறந்தேன்.
"மன்னியுங்கள் புரொபசர்.
நீங்கள் சொன்னது சரியாகத்தான் இருந்திருக்கும்,
நான் பிந்திக் கட்டிவிட்டேன்.
இன்றைக்கு எத்தனை மணிக்கு அனுப்புவீர்கள்?"

பண்ணையின் முதல் பஸ்
விளக்கெரிய ஜன்னலைத் தாண்டிப் போயிற்று.
உள்ளே தலைத்துணி கட்டிய பெண்கள்,
கண்ணாடியில் சாய்ந்து தூங்கியபடி.

மிச்சம் பதினைந்து பேர்.
பதினைந்து இரண்டால் வகுபடாது.

முரியுக்கியை அழிக்கவில்லை.
இரக்கம் என்றுதான் அப்போது நினைத்தேன்.
அவனைச் சேர்த்தால் பதினாறு:
எட்டு, நாலு, இரண்டு,
ஒன்று வரைக்கும்
தடங்கலே இல்லை.