இடது கால்

விண்ட்ஹுக்கிலிருந்து இரண்டு வண்டிகள் அனுப்பினார்கள்.
ஒரே சாம்பல் நிறம், ஒரே முகம்.
ஒன்றில் கியரை நாங்கள் மாற்ற வேண்டும்,
மற்றதில் அதுவே மாற்றிக்கொள்ளும்.
ஆறு வாரம் ஓட்டிப் பார்த்துப்
படிவத்தை நிரப்பச் சொன்னார்கள்,
ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண்.

இருக்கை.
ஃபெஸ்டஸ் இறங்கினால் நான் ஏறுவேன்.
அவன் முழங்கால் முடியும் இடத்தில்
என் இடுப்பு தொடங்கும்.
எவ்வளவு உயர்த்தியும் பானட்டுக்கு அப்பால்
வானம்தான் தெரிந்தது.
மாட்டுத்தீவனச் சாக்கை நான்காய் மடித்துப் போட்டேன்,
பூமி வந்தது.
சாக்குக்கு ஐந்து.

திரை, தூசிக்குக் கீழே எங்கோ இருக்கிறது.
விரலெல்லாம் பம்பு கிரீஸ்.
நான் கேட்டது பின்சக்கரப் பூட்டு,
அது வானொலியில் வானிலை சொல்கிறது.

கியர் குமிழ் நண்பகலில் அடுப்புக் கங்கு.
ஃபெஸ்டஸின் காலுறை ஒன்றை அதற்கு மாட்டினோம்,
மற்றதை அவன் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறான்.
கிளட்ச் கனம்.
மணலில் பதினோராவது தடவை மிதித்தபோது
முழங்கால் ஸ்டியரிங் தண்டில் இடித்து
என் பெயரே எனக்கு மறந்துபோனது.
ஆனாலும் மணல் இறுகுமா இளகுமா என்று
காதுக்கு முன்பே
உள்ளங்கால் சொல்லிவிடும்.

தானாய் மாற்றும் வண்டியில்
இடது காலுக்கு வேலையில்லை.
வேலையில்லாததால் இடமும் இல்லை.
புகைக்குழாய்க்காக ஒரு மேடு
அங்கே புடைத்து நிற்கிறது.
அழைக்காத விருந்துக்கு வந்தவள் மாதிரி
பாதத்தைச் சாய்த்து, ஒடுக்கி
ஓரமாய் வைத்துக்கொள்கிறேன்.

நான்காம் வாரம், வியாழன், ஹோவானிப் ஆற்றுப்படுகை.
டயரில் காற்றைப் பாதியாக்கி இறங்கினோம்.
பின்னால் புது பம்பு, பதினெட்டுக் குழாய்.
வளைவில் அனா மரத்தடியில்
காய் பொறுக்கிக்கொண்டிருந்தது ஒரு தனி ஆண் யானை.
காதுகளை விரித்தது.
"பின்னால் போ, பின்னால்" என்றான் ஃபெஸ்டஸ்,
உதடு அசையாமல்.
இருபத்திரண்டு வருடப் பழக்கம்,
இடது கால் மேட்டைவிட்டுத் தாவி
இல்லாத கிளட்ச்சை முழுப் பலத்தோடு மிதித்தது.
அங்கே இருந்தது பிரேக்.

வண்டி மணலில் மூக்கைக் குத்தி நின்றது.
குழாய்கள் முன்னால் வந்து முதுகுத் தகட்டை அறைந்தன.
பிறகு ஒன்றுமில்லை.
எஞ்சின் அணையவில்லை,
அது பாட்டுக்கு மெல்ல உறுமிக்கொண்டிருந்தது.
யானை பார்த்தது.
வெகுநேரம் பார்த்தது.
திரும்பி இன்னொரு காயை எடுத்தது.

இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
மற்ற வண்டியாய் இருந்திருந்தால்
அதே கால் சரியான மிதியை மிதித்திருக்கும்,
நான் சரியாகப் பின்வாங்கியிருப்பேன்,
அந்தச் சரி எங்கே போய் முடிந்திருக்கும் என்று
ஃபெஸ்டஸும் நானும் பேசிக்கொள்வதில்லை.

எது வேண்டும் என்ற கேள்விக்கு
அவன் கையால் மாற்றுவது என்று குறித்தான்.
நான் இரண்டு நாள் காலியாக விட்டேன்.
பிறகு மற்றதைக் குறித்து
பிற குறிப்புகள் என்ற கோட்டில் எழுதினேன்:
மேட்டைத் தட்டிச் சமமாக்குங்கள்.
இடது காலும் வண்டியில்தான் வருகிறது.

வெட்ஜிவா, ஆழ்துளைக் கிணற்றுப் பிரிவு.

பி.கு.: காலுறை ஒரு ஜோடி,
அளவு பன்னிரண்டு,
துறை தர வேண்டியது.