ஆறு பாயிண்டில் இரண்டாம் வரி

ஆடி. முகூர்த்தம் இல்லை.
கிருஷ்ணகிரி ரவுண்டானாவுக்குப் பின்னால்
பத்திரிகை அடிக்கிற எங்கள் அச்சகத்தில்
கட்டிங் மெஷின் தூங்குகிறது.
மிஞ்சிப்போன அட்டைகளை எடுத்து
நானும் அஃப்ரோஸும்
மந்திரங்கள் வெட்டிக்கொண்டிருக்கிறோம்,
தாளுக்கு ஒன்பது.

முதல் மந்திரத்தின் பெயர் மதகுக் காவல்.
களத்தில் நிற்கும் உன் வீரன் ஒருவன்மேல் ஒட்டு.
அவன் நிற்கும்வரை
தண்ணீர் உன் பக்கம்.
எழுதி முடித்து டீ குடித்தோம்.
எழுதும்போது எல்லோரிடமும் ஒரு வீரன் இருக்கிறான்.

பாலிடெக்னிக் பிள்ளைகளை உட்காரவைத்து
ஆடிப் பார்த்தபோது
திம்மராயன் கையில் மூன்று மதகுக் காவல்.
களத்தில் ஓர் ஆள் இல்லை.
மூன்று சுற்றும் அவன்
அட்டையால் விசிறிக்கொண்டான்.
கரண்ட் வேறு இல்லை, அதற்காவது உதவியது.

அன்றிரவு ஒரு சொல் சேர்த்தேன்:
இல்லையேல்.
வீரன்மேல் ஒட்டு; இல்லையேல் இரண்டு அட்டை எடு.

அஃப்ரோஸ் சிரித்தான்.
"மழை வரலைன்னா பிரியாணின்னு சொல்லிட்டா
எவன் மழைக்கு வேண்டுவான்?"
அப்படியேதான் ஆனது.
வீரர்களைக் கையிலேயே பதுக்கிக்கொண்டு
அட்டையாக எடுத்துக் குவித்தார்கள்.
மதகு அநாதையாய்க் கிடந்தது.

சரி, குறைத்தேன்.
இல்லையேல் ஒரு துளி தண்ணீர்.
"கூழ் ஃபேக்டரிக்காரன் தோத்தாபுரிக்குக் குடுக்கிற விலை"
என்றான் திம்மராயன், அட்டையைத் திருப்பிப் போட்டு.
அவர்கள் வீட்டில் இருபத்தெட்டு மரம்.

சுங்கச்சாவடி என்று இன்னொன்று.
எதிராளியின் வண்டியை ஒரு சுற்று நிறுத்து.
வண்டியே இல்லையேல்?
எட்டு நாள் அதிலேயே கிடந்தோம்.
கடைசியில் அஃப்ரோஸ் எழுதினான்:
இல்லையேல் உன் வண்டி நிற்கும்.
இது என்ன நியாயம் என்றேன்.
தினமும் ஓசூர் போய்வருகிறவன்,
பதில் சொல்லவில்லை.

கல்யாணப் பத்திரிகையில்
இல்லையேல் என்ற சொல்லை
இந்த ஒன்பது வருடத்தில் நான் அடித்ததே இல்லை.
இன்ன நாள், இன்ன மண்டபம்,
மணமகன் இன்னார், வரவேற்பு ஆறு மணிக்கு மேல்.
அவ்வளவுதான், அதற்குக் கீழே தாம்பூலப் படம்.
ஒரே ஒரு தடவை தேவைப்பட்டிருக்கும்.
நானூறு பத்திரிகை. பணம் முழுக்கக் கட்டியாயிற்று.
எடுத்துப்போக யாரும் வரவில்லை,
நான் உட்பட.

அந்த நானூறின் பின்பக்கத்தில்தான்
இப்போது மந்திரங்கள்.
அதில் ஒரு தொல்லை:
பின்னால் 'சுற்றமும்' என்று வெட்டுப்பட்டிருந்தால்
முன்னால் மதகுக் காவல் என்று
நாலாம் ஆட்டத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள் ஹேமாவதி.
"குறி போட்ட சீட்டுக்கா இது" என்றாள்.
சோதனைக்குத்தானே என்றேன்.

அவளுக்கு ஒருநாளும் வீரன் வருவதில்லை.
அப்படி ஒரு கை.
இருந்தும் பாதி ஆட்டம் அவள் ஜெயித்தாள்,
ஏனென்றால் அதற்குள் அந்த வரி இப்படி மாறியிருந்தது:
இல்லையேல்
இந்த அட்டையே ஒரு சுற்று காவல் நிற்கும்.
பர்கூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தவள்
வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டாள்:
"ரெண்டாவது வரி மட்டும் ஏன்க்கா இத்தினி பொடிசு?
நான் ஆடறதே அதை வெச்சித்தான்."

ஒன்பது பாயிண்டில் முதல் வரி.
ஆறு பாயிண்டில், சாய்வெழுத்தில், அது.
நான்தான் வைத்தேன். யோசிக்காமல் வைத்தேன்.

இரண்டையும் எட்டாக்கினேன்.
நிமிர்த்தினேன்.
படத்துக்கு இடம் போதவில்லை;
மதகோரம் நின்ற வீரனுக்கு
முழங்காலுக்குக் கீழே இல்லாமல் போயிற்று.
அஃப்ரோஸ் உற்றுப் பார்த்துவிட்டு
"தண்ணிக்குள்ள நிக்கறான்னு வெச்சிக்கலாம்" என்றான்.

ஆவணிக்கு நாலு நாள்.
பிளேடுக்குச் சாணை பிடிக்க வேண்டும்.