குதிரை, ஒன்று

நாதுலா கணவாய்க்குக் கீழே ஷெரதாங்கில்
தகரக்கூரைச் சுங்கச்சாவடி.
எனக்கு ஒரு மேசை, புகையும் ஸ்டவ்,
இரண்டு பட்டியல்கள்.

வரலாம் என்பவை பதினைந்து:
கம்பளி, ஆட்டுத்தோல், வெங்காரம், உப்பு,
மானத்துக்குப் பேர்போன கவரியின் வால், கிலோ கணக்கில்,
உச்சரித்தால் பல்லில் மாட்டிக்கொள்ளும் ஒரு கனிமம்
(அதன் நிறம் என்னவென்று கேட்டு எழுதினேன்,
பதில் இல்லை),
குதிரை.
போகலாம் என்பவை இருபத்தொன்பது:
போர்வை, பார்லி, வெல்லம், மூக்குப்பொடி, சைக்கிள்.
பதினாலாயிரம் அடி உயரத்தில்
சைக்கிள்.

போருக்கு முன் கோவேறு கழுதைகள் சுமந்ததை
யாரோ தூக்கத்தில் ஒப்பித்திருக்க வேண்டும்.
நாற்பத்து நான்கு வருடப் பனியை வெட்டி வழி திறந்தவர்கள்
பட்டியலையும் அப்படியே வெளியே எடுத்தார்கள்,
விறைத்துப்போன கைக்குட்டை மாதிரி.

ரின்சிங் ஓங்மு அந்தப்பக்கச் சந்தைக்குப் போய் வந்தாள்.
"கம்பளி கேட்டேன், சிரிக்கிறார்கள்.
பிளாஸ்க் இருக்கிறது. பூப்போட்ட ரஜாய்.
நடந்தால் விளக்கெரியும் குழந்தைச் செருப்பு."
வாங்கினாயா?
"பட்டியலில் இல்லையே."
சொல்லிவிட்டு நடந்தாள் கரடியைப் போல,
ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு ஜாக்கெட்.
சொந்த உபயோகம் என்று எழுதினேன்.
குளிர் அப்படி.

செப்டம்பரில் ஒரு விடியல்
சரிவு பிய்த்துப்போட்ட முள்வேலி வழியே
சேணமில்லாமல் வந்தது செம்மண் நிறக் குதிரை.
ஏற்றுமதிக்குக் கட்டிவைத்த மூட்டையை முகர்ந்து
வாயால் கிழித்தது.
அனுமதிக்கப்பட்ட பார்லியை
அனுமதிக்கப்பட்ட குதிரை தின்றது.
ஒப்பந்தம் முழுசாக நிறைவேறியது
எனக்குத் தெரிந்து அன்று ஒருநாள்தான்.

பதிவேட்டில் எழுதினேன்: குதிரை, ஒன்று.
அனுப்பியவர்: கோடு.
மதிப்பு: கோடு.

மறுநாள் வேலிக்கு அப்பால் வந்து நின்றான்
என் வயதுள்ள ஒருவன், என் போலவே மூக்கொழுக.
குதிரையைக் காட்டினான், தன் பக்கத்தைக் காட்டினான்.
என் ஏற்றுமதிப் பட்டியலை நீட்டினேன். குதிரை இல்லை.
அவன் தன் இறக்குமதித் தாளை விரித்தான்.
அதிலும் இல்லை.
இரண்டு லிபிகளின் மேல் இரண்டு தலைகள் குனிந்து
வரிவரியாகத் தேடினோம்.
வரலாம், போகக் கூடாது:
இதில் மட்டும் இரு பேரரசுகளுக்கும்
எள்ளளவு வேறுபாடில்லை.
அவன் சிகரெட் தந்தான்.
அது போகலாம் பட்டியலில் இருக்கிறது, வரலாம் பட்டியலில் இல்லை.
பற்றவைத்தேன்.

காங்டாக்குக்கு எழுதினேன், காங்டாக் டெல்லிக்கு எழுதியது.
டெல்லியில் அந்த வாரம் யாரோ யாருடனோ கைகுலுக்கினார்கள்.
ஈரமான செய்தித்தாளில்
கைகள் மட்டும் தெளிவாக விழுந்திருந்தன.

நவம்பர் கடைசியில் சந்தைக்குப் பூட்டு.
சாவியைத் திருப்பும்போது பார்த்தேன்:
லாயத்தில் அறுந்த கயிறு,
பனியில் குளம்புத் தடங்கள் வேலிவரை,
அதற்கு அப்பால் மூடுபனி.

நான் எதையும் எழுதவில்லை.

மே மாதந்தோறும் இருப்புச் சரிபார்க்கத் தணிக்கையாளர் வருகிறார்,
தலைவலியோடு, ஸ்டவ்வை விட்டு நகராமல்.
கம்பளி? இல்லை.
அந்தக் கனிமம்? இல்லை சார்.
குதிரை?

ஒன்று, என்கிறேன்.
மேய்ச்சலில் இருக்கிறது.