வண்டி ஓட்டுபவன் குடிப்பதில்லை

ஏழு இருக்கை, ஆறு பேர்.
ஏழாவதில் ஐஸ் பெட்டி, தொலைநோக்கிகள்,
மாலைக்குத் தேவைப்படும் என்று
எனக்கு மட்டும் தெரிந்த காகிதப் பைகள்.

கிரான்வில் பெப்ருவரி என்று
சட்டைப் பையில் தைத்திருக்கிறது.
பல் மருத்துவர் வாசித்துவிட்டுக் கேட்டார்:
"மார்ச் எப்போது வருவார்?"
மார்ச் இல்லை சார். செப்டம்பர் உண்டு,
என் மைத்துனன், பேருந்து ஓட்டுகிறான்.
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.
கப்பலிலிருந்து இறக்கிய மாதத்தையே
அடிமைக்குப் பெயராக எழுதிக்கொண்ட
கணக்குப்பிள்ளையைப் பற்றிக்
காலை எட்டரை மணிக்கு
யாரிடம் பேச.

மலைக்கும் கடலுக்கும் நடுவே
ஒரு முழம் சாலை.
பென்குயின்கள் கண்ணில் படுமுன்
மூக்கில் பட்டுவிட்டன.
கருவாட்டுச் சந்தையில் கழுதைகள் கத்துவதுபோல்
அப்படி ஒரு குடும்பச் சண்டை பாறைகளுக்கிடையில்.
நெதர்லாந்துத் தம்பதி அழகு அழகு என்றார்கள்
கைக்குட்டைக்குள்ளிருந்து.
கிளம்புமுன் மண்டியிட்டு
வண்டிக்கடியில் பார்த்தேன்.
நிழல் தேடி வந்த ஒன்று
பின்சக்கரத்தில் சாய்ந்து நின்றது,
பேருந்துக்குக் காத்திருக்கும் குமாஸ்தாவாக.
பத்து நிமிடம் கெஞ்சினேன்.

முதல் பண்ணையில் மூடுபனி இன்னும் விலகவில்லை.
லுலாமா ஊற்றினாள், விரற்கடை அளவு,
"கடற்காற்று கொடிக்குள் இறங்கியிருக்கிறது,
நாக்கின் ஓரத்தில் உப்பைத் தேடுங்கள்" என்றாள்.
தேடினார்கள். கண்ணை மூடிக்கொண்டு,
கன்னத்தை உப்பிக்கொண்டு,
பிறகு ஒரு வெள்ளிக் குவளையில்
நாகரிகமாகத் துப்பினார்கள்.

என் அப்பா ஒரு சொட்டும் துப்பியதில்லை.
விடியலில் ஒரு தகரக் கோப்பை,
பத்து மணிக்கு ஒன்று, உச்சிவேளையில் ஒன்று,
மூன்றுக்கு, விளக்கு வைக்கும்போது.
கூலியில் பாதி அதுதான்.
மீதிப் பாதியைக் கொண்டு
சனிக்கிழமை அதையே வாங்குவார்.
உப்பு இருந்ததா என்று
யாரும் அவரைக் கேட்கவில்லை.

எனக்கு லுலாமா திராட்சைச் சாறு தந்தாள்,
அதே நீள்கழுத்துக் கண்ணாடியில்.
ஒன்றும் சொல்லவில்லை. அவள் அப்பாவும்
எங்கோ ஒரு பண்ணையில்தான்.

இரண்டாம் பண்ணைக்கும் மூன்றாம் பண்ணைக்கும் நடுவில்
ஒரு பபூன் குரங்கு
திறந்த ஜன்னல் வழியே கை நீட்டி
பல் மருத்துவரின் பாலாடைக்கட்டியை எடுத்துக்கொண்டது.
கூரையில் உட்கார்ந்து தின்றது.
முன்கண்ணாடியில் ஐந்து விரலும் பதித்துவிட்டு இறங்கியது,
ரசீதில் கையெழுத்துப் போடுவதுபோல்.

நாலு மணிக்குக் குன்றின் விளிம்பில் நின்றோம்.
நாலரை. கடல் வெறும் கடல்.
"ரைட் வேல் என்றீர்களே, சரியான திமிங்கிலம்.
எதற்குச் சரி?" நெதர்லாந்துப் பெண் கேட்டாள்.
கொல்வதற்கு, மேடம்.
மெல்ல நீந்தும். கரையோரம் வரும்.
செத்தால் மூழ்காது, மிதக்கும்.
வேட்டைக்காரர்கள் வைத்த பெயர்.
அவள் என் சட்டைப் பையைப் பார்த்தாள்.
பிறகு அவசரமாகக் கடலைப் பார்த்தாள்.

அப்போதுதான் அந்த மூச்சு.
காணுமுன் கேட்டது:
கிழிகிற துணியின் ஓசை,
அதன்மேல் இரண்டாகக் கிளைத்த நீர்ப்புகை.
பக்கத்தில் இன்னொன்று, சின்னது,
தும்மலைப்போல.
தாய் திரும்பிப் படுத்தது.
அவ்வளவுதான், வேறெதுவும் செய்யவில்லை.
நாற்பது டன்னும்
தண்ணீருக்குக் கனக்காமல்
அங்கேயே கிடந்தது.
ஆறு பேரும் படம் எடுக்க மறந்து நின்றதை
என் தொழிலில் இரண்டாம் முறையாகப் பார்த்தேன்.

திரும்பும் வழியில் ஐவர் தூங்கினார்கள்.
முன்னிருக்கையில் பல் மருத்துவர் மட்டும்,
நாக்கு சற்றுக் குழற:
"நீ ஒரு மிடறாவது..."
வண்டி ஓட்டுபவன் குடிப்பதில்லை சார்.
"ஓட்டாதபோது?"
வளைவு வந்தது. விளக்கைப் போட்டுத் திரும்பினேன்.
திரும்பி முடிப்பதற்குள் அவரும் தூங்கியிருந்தார்.

எல்லோரையும் இறக்கிவிட்டு
என் தெருவில் வண்டியை நிறுத்தினேன்.
குரங்கின் கைத்தடத்தைத் துடைக்கவில்லை.
பழக்கதோஷம், மண்டியிட்டு
அடியில் பார்த்தேன்.
பென்குயின் இல்லை.
எண்ணெய்தான் கசிந்துகொண்டிருந்தது,
சொட்டு, பிறகு
இன்னொரு சொட்டு.
ஏதாவது ஒரு பழைய தகரக் கோப்பை வைக்கவேண்டும்.